மூலத்தை மூடிவைத்து எழுதுதல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



இவ்வறக்கட்டளையின் சார்பில் இம்மேடையில் பேசும்படி என்னை அழைத்த நிர்வாகிகள், பொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும் எனக்கே விட்டுவிட்டார்கள். இத்தகைய சொற்பொழிவுகளுக்குக் காவியம், தத்துவம், சரித்திரம் என்று விரிந்த பொருள்களை எடுத்துக்கொள்வதே சம்பிரதாயம் என்பதை அறிவேன். அறிந்தும், பெரும்பாலும் 250 சொற்களுக்கு மேற்படாத ஒரு சிறிய எழுத்துவகையை, ஆங்கிலத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் பிறர் கட்டுரைகளுக்கும் தம் கட்டுரைகளுக்கும் எழுத வேண்டியிருக்கும் சுருக்கத்தை, இன்றைய பொருளாகக் கொண்டேன். நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் அதன் சுருக்கமாகிய சினாப்சிஸைச் சமர்ப்பிக்க வேண்டும். கருத்தரங்கிற்குப் பெயர் கொடுப்பதானாலும், ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவதானாலும் முதலில் கேட்கப்படுவது அப்ஸ்ட்ராக்ட் எனப்படும் சுருக்கமே. கட்டணம் செலுத்தாமல் உலகில் எவரும் வாசிக்கக்கூடிய பகுதியும் பல கட்டுரைகளில் அது ஒன்றே. ஆண்டுக்கணக்கில் உழைத்தவனுடைய உழைப்பு ஏற்கப்படுவதும் தள்ளப்படுவதும் இந்த ஒரு பக்கத்தில் நிர்ணயமாகிவிடுகின்றன. இருந்தும், இதனை எப்படி எழுதுவது என்று நம் வகுப்புகளில் எவரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மாணவர்கள் நல்ல சுருக்கம் எழுதத் தடுமாறுவதற்கு அவர்களுடைய ஆங்கிலக் குறைவே காரணம் என்று நெடுங்காலமாக நம்பி வருகிறோம். அந்த நம்பிக்கை பிழையானது என்பதும், சுருக்கம் வாசிப்பின் விளைவே என்பதும், தான் வாசித்த கட்டுரையை மூடிவைத்துவிட்டு அதன் வாதத்தைத் தன் தாய்மொழியில் முதலிலிருந்து முடிவுவரை ஒருமுறை சொல்லிப் பார்த்த மாணவனே அதனை ஆங்கிலத்தில் சுருக்கி எழுத வல்லவனாகிறான் என்பதும் என் துணிபு. இதனைச் சில பகுதிகளாக வகுத்துச் சொல்கிறேன்.

1. சுருக்கம் யாருக்காகத் தோன்றியது

1665ஆம் ஆண்டு ஜனவரியில் பாரிஸ் நகரில் தெனி த சல்லோ என்பவர் 'ழுர்னால் தே ஸவான்' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். ஐரோப்பாவில் புதிதாக வெளிவரும் நூல்களில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதை, அந்நூல்களைத் தேடிப் பெறும் வசதியற்றவர்களுக்கு எடுத்துரைப்பது அதன் பிரதானப் பணிகளுள் ஒன்று. அவ்வாண்டு மார்ச்சிலேயே லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க், ராயல் சொஸைட்டியின் 'பிலசாபிகல் டிரான்ஸாக்ஷன்ஸ்' இதழை வெளியிடத் தொடங்கினார். அந்த இதழில் பெருகிய கட்டுரைகளின் சுருக்கங்களை மட்டும், 1800ஆம் ஆண்டு முதலாகத் தொகுத்து, 1832இல் அச்சங்கம் தனியே வெளியிட முற்பட்டது. பின்னாளில் 'ப்ரொஸீடிங்ஸ்' என்று புகழ்பெற்ற இதழ் அவ்வாறு சுருக்கத் தொகுப்பாகப் பிறந்ததேயாகும். ரசாயன சாஸ்திரத்துக்கு ஜெர்மனியில் 1830இலும், அமெரிக்காவில் 'கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்' என்ற பெயரில் 1907இலும் சுருக்கங்களுக்கென்றே பத்திரிகைகள் தோன்றின.

1987இல் 'அனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' என்னும் மருத்துவ இதழில் வெளியான ஒரு யோசனை நம் கவனத்துக்குரியது. நோயாளியின் எதிரே அமர்ந்திருக்கும் மருத்துவருக்கு முழுக் கட்டுரையையும் வாசிக்க அவகாசமில்லை. சுருக்கத்தைக் கொண்டே அவர் ஒரு முடிவுக்கு வர நேர்கிறது. ஆகவே ஆய்வின் நோக்கம், அமைப்பு, நடந்த இடம், பங்குபற்றியோர், அளித்த சிகிச்சை, அளந்து கண்ட பயன், முடிவு ஆகியவற்றைத் தலைப்பிட்டுத் தனித்தனியே கூறுக என்று அதில் வற்புறுத்தப்பட்டது. மூலத்தைப் பார்க்க இயலாத ஒருவர் நம் சொல்லை நம்பிக் காரியம் செய்யப் போகிறார் என்ற எண்ணமே இந்த எழுத்துவகைக்கு ஆதாரம். அவர் நம்மிடம் ஒப்படைத்திருப்பது ஓர் அடைக்கலப் பொருள். அதில் குறைத்துத் தருவதும் குற்றம், நம் கைப்பொருளைக் கலந்து தருவதும் குற்றம். குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் நூற்குற்றங்கள் பத்தனுள் முதலிரண்டாக நன்னூலார் அடுத்தடுத்து வைத்தார். சுருக்கம் எழுதுகிறவன் ஒவ்வொரு வாக்கியத்திலும் இவ்விரண்டுக்கும் நடுவேதான் நடக்க வேண்டியிருக்கிறது.

2. வெட்டும் பழக்கம்

நம் நாட்டில் சுருக்கம் என்றதும் நினைவுக்கு வருவது ப்ரெஸி என்னும் தேர்வுப் பயிற்சி. குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் கட்டாய ஆங்கிலத் தாளில் அது இன்றும் இருக்கிறது. கொடுத்த பகுதியை மூன்றிலொரு பங்காகக் குறைத்து எழுத வேண்டும். கோப்புகளை வாசித்து மேலதிகாரிக்கு விஷயத்தைத் தெரிவிக்க வேண்டிய உத்தியோகஸ்தனுக்கு அப்பயிற்சி நல்லதே. ஆயினும் அது பல தலைமுறைகளாக நம்மிடையே ஒரு பழக்கத்தை ஊன்றிவிட்டது. மாணவன் பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் வாக்கியத்தைப் படிக்கிறான், அதிலுள்ள அடைமொழிகளை அடிக்கிறான், உதாரணங்களை நீக்குகிறான், எஞ்சியதை ஓரிரு சொல் மாற்றி எழுதிக்கொண்டு இரண்டாம் வாக்கியத்துக்குப் போகிறான், கடைசியில் சொற்களை எண்ணுகிறான். முந்நூறு சொற்களாலாகிய ஒரு தனிப்பகுதிக்கு இம்முறை ஒருவாறு போதும். முப்பது பக்க ஆய்வுக் கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு இப்படிச் செய்கிறவனுக்கு இறுதியில் மிஞ்சுவது, ஒன்றோடொன்று உறவில்லாத வாக்கியங்களின் வரிசை மட்டுமே.

இப்பழக்கத்தை ஆராய்ந்தவர்கள் உண்டு. வால்டர் கின்ச்சும் வான் டைக்கும் 1978இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஒரு நூற்பகுதியின் சாரத்தை மனம் கிரகிக்கும் வகையை மூன்று செயல்களாகப் பிரித்துக் காட்டினார்கள்: வேண்டாததை நீக்குதல், பலவற்றை ஒரு பொதுச்சொல்லில் அடக்குதல், நூலில் எங்கும் நேராகச் சொல்லப்படாத ஒரு கருத்தை அதன் பகுதிகளிலிருந்து கட்டியெழுப்புதல். ஆன் பிரவுனும் ஜீன் டேயும் 1983இல் இத்தகைய விதிகளை மாணவர்கள் எந்த அளவுக்குக் கையாளுகிறார்கள் என்று சோதித்தபோது, நீக்குதல் சிறு வகுப்பிலேயே வந்துவிடுகிறதென்றும், கருப்பொருள் வாக்கியம் இல்லாத இடத்தில் அதனைத் தாமே படைத்துக்கொள்ளும் ஆற்றலே கடைசியாக, அதுவும் அரிதாக, வருகிறதென்றும் கண்டார்கள்.

ரெபெக்கா மூர் ஹவர்ட் என்னும் அம்மையார் 1993இல் இதே குறைபாட்டை வேறொரு பக்கத்திலிருந்து நோக்கி, மூலத்தின் வாக்கியத்தை வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் மாற்றித் தைக்கும் எழுத்துக்கு 'பேட்ச்ரைட்டிங்' என்று பெயரிட்டார். அவரும் அவருடைய சகாக்களும் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய 18 கட்டுரைகளை வரிவரியாக மூலங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மேற்கோள் இருந்தது, பொழிப்பு இருந்தது, ஒட்டுத்தையல் இருந்தது. மூல நூல் ஒன்றின் முழு வாதத்தையும் கிரகித்து எழுதிய சுருக்கம் ஒன்றுகூட அந்தப் பதினெட்டிலும் இல்லை. இவர்கள் ஆங்கிலமே பயிற்றுமொழியாக உள்ள அமெரிக்காவின் மாணவர்கள் என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். அங்கும் இதே நோய் இருக்குமானால், அதற்கு இலக்கணப் பயிற்சியையும் சொற்பெருக்கத்தையும் மருந்தாகத் தந்துகொண்டே போவதில் என்ன பயன்? மொழி வந்தவர்களுக்கும் வராத ஒன்று இங்கே இருக்கிறது. நூலை விட்டு ஒரு கணமேனும் கண்ணை எடுத்து, 'இவர் என்னதான் சொல்கிறார்?' என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் துணிவு அது.

3. ஒரு கடிதத்தைச் சுருக்கிப் பார்ப்போம்

விதிகளை அடுக்குவதைவிட ஒரு மூலத்தை எடுத்துக்கொண்டு பார்ப்பது மேல். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. ராமனும், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவிலிருந்து 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் தேதியிட்டு 'நேச்சர்' இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். புதிய வகை இரண்டாம் நிலைக் கதிர்வீச்சைப் பற்றியது என்று தலைப்பிடப்பட்ட அது, மார்ச் 31ஆம் தேதி இதழில் வெளிவந்தது. பக்கத்தில் பாதியளவே இருக்கும். எந்தத் துறை மாணவனுக்கும் முதல் பாடமாக வைக்கத்தக்க கடிதம் அது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், அவ்வளவு சிறிய இடத்தில் ஓர் ஊகமும், ஒரு சோதனையும், ஓர் ஆட்சேபத்துக்கு விடையும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன.

அதன் போக்கு இது. எக்ஸ் கதிர்கள் சிதறும்போது சில மாறாமலும் சில அலைநீளம் மாறியும் வெளிப்படுவதைக் காம்ப்டன் கண்டிருந்தார். மாறாத சிதறல் அணுக்களின், மூலக்கூறுகளின் சராசரி நிலையைச் சார்ந்ததென்றும், மாறிய சிதறல் அந்நிலையிலிருந்து அவை அடையும் ஏற்ற இறக்கத்தைச் சார்ந்ததென்றும் கொள்வோமானால், கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியிலும் இருவகைச் சிதறலும் இருந்தாக வேண்டும் என்பது ஊகம். சோதனைக்குச் சூரிய ஒளியை 18 சென்டிமீட்டர் வாயகலமும் 230 சென்டிமீட்டர் குவியத் தூரமும் உள்ள தொலைநோக்கி வில்லையாலும், பிறகு 5 சென்டிமீட்டர் குவியத் தூரமுள்ள இன்னொரு வில்லையாலும் குவித்து, வெற்றிடத்தில் மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மை செய்த திரவத்திலோ தூசியற்ற ஆவியிலோ செலுத்தினார்கள். நீல-ஊதா வடிகட்டி ஒன்றையும் மஞ்சள்-பச்சை வடிகட்டி ஒன்றையும் சேர்த்து ஒளி புகும் வழியில் வைத்தால் திரவத்தினுள் ஒளித்தடம் முற்றிலும் மறைந்துபோகிறது. நீல வடிகட்டியை அங்கேயே விட்டுவிட்டு, மஞ்சள் வடிகட்டியை மட்டும் எடுத்துப் பார்ப்பவர் கண்ணுக்கு முன்னால் வைத்தால் தடம் மீண்டும் தோன்றுகிறது. உள்ளே புகாத நிறம் வெளியே வருகிறது என்றால், திரவத்தினுள் ஒளி மாறியிருக்க வேண்டும் அன்றோ?

இக்கடிதத்தை வெட்டும் முறையில் சுருக்குகிற மாணவன் பெரும்பாலும் 18, 230, 5 என்னும் எண்களை விடமாட்டான். எண்கள் முக்கியம் என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. வடிகட்டியை இடம் மாற்றியதை விட்டுவிடுவான். அது சிறு செய்கையாகத் தோன்றுகிறது. நிலைமையோ நேர்மாறானது. வில்லைகள் ஒளிக்கு வலிமை தந்தன, அவ்வளவே. அவற்றை 'குவித்த சூரிய ஒளி' என்று அடக்கிவிடலாம். கட்டுரையின் உயிர்நிலை அந்த வடிகட்டி இடம் மாறியதில் இருக்கிறது. அதுபோலவே, மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மை செய்த முறையை விட்டுவிடலாம், ஆனால் 'தூய' என்னும் ஒரு சொல்லை விடலாகாது. அச்சொல் இல்லையேல், ஒளி மாறியது திரவத்தில் கலந்த மாசினால் அன்று என்பதற்கு என்ன உத்தரவாதம்? எது நீங்கினால் வாதம் சரியுமோ அதை வைத்துக்கொள்ள வேண்டும். இந்த விவேகம் அகராதியில் கிடைப்பதன்று. வாதத்தைக் கண்டவனுக்கே வருவது.

மிகைபடக் கூறலும் இங்கே காத்திருக்கிறது. ராமன் விளைவு என்றதும் பிப்ரவரி 28ஆம் தேதி நம் நினைவுக்கு வருகிறது. அந்நாளைத் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். 1930இல் நோபல் பரிசு பெற்றதும், ஒளித்துகளுக்கும் மூலக்கூறுக்கும் இடையே நிகழும் ஆற்றல் பரிமாற்றம் என்று பாடநூல்கள் தரும் விளக்கமும் நினைவுக்கு வருகின்றன. கடிதமோ பிப்ரவரி 16ஆம் தேதியது. நிறமாலை வழியான உறுதிப்பாடும் உண்டு என்று அதில் ஒரே வரி இருக்கிறதேயன்றி, பின்னர் வெளிவந்த நிறமாலைக் கோடுகளின் விவரம் அதில் இல்லை. நமக்குத் தெரிந்தவை உண்மைகளே ஆயினும், அவற்றை இக்கடிதத்தின் சுருக்கத்தில் சேர்ப்பது, சொல்லாததைச் சொன்னதாகச் சாட்சியம் கூறுவதாகும். நன்கு அறிந்த பொருளைச் சுருக்கும்போதே இந்த ஆபத்து மிகுதி.

இனி, கடிதத்தை மூடிவைத்துவிட்டுத் தமிழில் எழுதிப் பார்ப்போம்:

எக்ஸ் கதிர்களில் காம்ப்டன் கண்ட இருவகைச் சிதறலும் மூலக்கூறுகளின் சராசரி நிலையையும் அதன் ஏற்ற இறக்கத்தையும் முறையே சார்ந்தவை என்று கொண்டால், சாதாரண ஒளியிலும் அவை இருத்தல் வேண்டும் என்று ராமனும் கிருஷ்ணனும் எதிர்பார்த்தனர். குவித்த சூரிய ஒளியைத் தூய திரவங்களிலும் ஆவிகளிலும் செலுத்தி, ஒன்றாக வைத்தால் ஒளியை முற்றும் தடுக்கும் இரு வடிகட்டிகளுள் ஒன்றை ஒளி புகும் வழியிலும் மற்றொன்றைக் கண்ணெதிரிலும் வைத்து நோக்கியபோது ஒளித்தடம் தோன்றியதை, நிறம் மாறிய சிதறலுக்குச் சான்றாகக் கொண்டனர். சோதித்த அறுபது திரவங்கள் வரையில் ஒவ்வொன்றிலும் அது கூடியோ குறைந்தோ காணப்பட்டது. போதிய அடர்த்தியுள்ள ஆவிகளிலும் புலப்பட்டது. சாதாரணச் சிதறலை நோக்க அது மிக மங்கலாயிருப்பதும், பலவற்றில் வலுவாக முனைவாக்கம் பெற்றிருப்பதும், அது ஒளிர்வு அன்று, மெய்யான சிதறலே என்பதைச் சுட்டுகின்றன என்பது அவர்கள் கருத்து.

ஐந்தே வாக்கியங்கள். இவற்றை ஆங்கிலமாக்குவதற்கு உயர்ந்த புலமை வேண்டியதில்லை. பட்ட வகுப்பு ஆங்கிலம் போதும். கடினமான வேலை தமிழிலேயே முடிந்துவிட்டது.

4. யார் சொன்னது, எவ்வளவு உறுதியாகச் சொன்னது

அந்தக் கடிதத்தில் உறுதியின் படிகள் மூன்று இருக்கின்றன. ஊகத்தை 'கொள்வோமானால்' என்ற அளவிலே நிறுத்தினார்கள். ஒளித்தடம் மீண்டும் தோன்றியதைச் சான்று என்றே அழுத்திச் சொன்னார்கள். ஒளிர்வு அன்று என்பதை மட்டும், சுட்டப்படுகிறது என்று அடக்கமாகக் கூறினார்கள். மூன்றையும் ஒரே தட்டில் வைத்து 'ராமன் நிரூபித்தார்' என்று எழுதுகிறவன், அவ்விருவரும் எண்ணி எண்ணி வைத்த வரம்புகளை அழித்துவிடுகிறான். 1953ஆம் ஆண்டு ஏப்ரலில் வாட்ஸனும் கிரிக்கும் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்ட சிறு கட்டுரைக்கும் இதுவே நேர்கிறது. தாங்கள் ஓர் அமைப்பை முன்மொழிவதாகவும், மேலும் நுட்பமான அளவைகளோடு ஒப்பிடும்வரை அது நிரூபணமாகாததென்றே கொள்ள வேண்டுமெனவும் அவர்களே அதில் கூறியிருக்க, நம் மாணவர்களின் சுருக்கங்களில் அவர்கள் எப்போதும் 'கண்டுபிடித்து நிரூபித்து' விடுகிறார்கள்.

இந்நுட்பத்தை மாணவன் அறியாதவன் அல்லன். கருதுகிறார், வாதிடுகிறார், காட்டுகிறார், நிறுவுகிறார், ஐயுறுகிறார் என்பவற்றுக்கிடையேயுள்ள வேறுபாடு தமிழில் அவனுக்குத் தெளிவாகத் தெரியும். ஆங்கிலத்துக்கு வந்தவுடன் 'ஸேஸ்', 'டெல்ஸ்' என்னும் இரண்டு வினைகளோடு நின்றுவிடுகிறான். கொஞ்சம் துணிந்தால் எல்லாவற்றுக்கும் 'ப்ரூவ்ஸ்' என்று போடுகிறான். தமிழில் முதலில் எழுதிக்கொள்ளும் மாணவன், 'கருதுகிறார்' என்று தான் எழுதிய இடத்துக்கு 'சஜெஸ்ட்' என்பதையும், 'வாதிடுகிறார்' என்ற இடத்துக்கு 'ஆர்க்யூ' என்பதையும், 'காட்டுகிறார்' என்ற இடத்துக்கு 'ஷோ' என்பதையும் தேடிக்கொள்ளும் நிலையில் இருக்கிறான். தேட வேண்டும் என்று தெரிந்திருப்பதே பெரிது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அது நம் வாக்கிய அமைப்பிலிருந்து வருவது. தமிழில் எத்தனை தொடர்களை அடுக்கினாலும் இறுதியில் நிற்கும் ஒரே 'என்று' அவை அனைத்தையும் உரியவர்மேல் ஏற்றிவிடுகிறது. தொல்காப்பியர் 'என்ப', 'மொழிப', 'என்மனார் புலவர்' என்று முன்னோர்மேல் ஏற்றிச் சொன்ன இடங்கள் அநேகம். பிறர் கூற்றைப் பிறர் கூற்றாகவே வைக்கும் ஒழுக்கம் நமக்கு மிகப் பழையது. ஆங்கிலத்தில் அந்த 'என்று' வாக்கியத்தின் முன்னால் வந்துவிடுகிறது. அதன் ஆட்சி அந்த வாக்கியத்தோடு முடிந்தும்விடுகிறது. நம் மாணவன் முதல் வாக்கியத்தை 'அக்கார்டிங் டு' என்று ஆரம்பித்துவிட்டு, அது தமிழைப் போல் பத்தி முழுவதையும் காக்கும் என்று எண்ணிப் பின்வரும் ஐந்து வாக்கியங்களையும் பெயரின்றி எழுதிச் செல்கிறான். வாசிக்கும் ஆங்கிலேயருக்கு அந்த ஐந்தும் மாணவனுடைய சொந்தக் கூற்றுகளாகவே படுகின்றன. சில சமயம் அதன்பொருட்டுத் திருட்டுப் பழியும் வந்துசேர்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிறமொழி மாணவர்களுக்கு ஆய்வு ஆங்கிலம் கற்பித்த ஜான் ஸ்வேல்ஸும் கிறிஸ்டீன் ஃபீக்கும் 1994இல் வெளியிட்ட பாடநூலில், 'ஆசிரியர் மேலும் கூறுகிறார்' என்பன போன்ற நினைவூட்டும் தொடர்களை இடையிடையே வைக்கச் சொல்வது இதனாலேயே. இதை ஒரே வகுப்பில் விளக்கிவிடலாம்; விளக்காத காரணத்தால் நேரும் அவமானமோ பெரிது.

5. பொருளடக்கம் வேறு, சுருக்கம் வேறு

தம் சொந்த ஆய்வுக்குச் சுருக்கம் எழுதும்போது வேறொரு பிழை முன்வந்து நிற்கிறது. உதாரணத்துக்காக ஒன்றை நானே கற்பித்துக்கொள்கிறேன். 'இவ்வாய்வு குறுநில உழவர்களின் கடன் நிலையை ஆராய்கிறது. வினாநிரல் வழியாகத் தரவுகள் திரட்டப்பட்டன. அவை புள்ளியியல் முறையில் பகுக்கப்பட்டன. முடிவுகள் விவாதிக்கப்படுகின்றன. தக்க பரிந்துரைகளும் வழங்கப்பட்டுள்ளன.' ஐந்து வாக்கியங்களிலும் பிழையில்லை. ஆனால் ஒரு செய்தியும் இல்லை. என்ன கண்டார்? கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெறத் தகுதியுள்ள உழவரும் விதைப்புக் காலத்தில் தனியாரிடம் செல்கிறார்கள், வட்டி அதிகமென்று தெரிந்தே செல்கிறார்கள், பணம் கைக்கு வரும் நாளே அங்கே காரணமாகிறது என்று அவர் கண்டிருந்தால், அதையல்லவா முதலில் எழுத வேண்டும்? நூலகவியலார் முன்னதைச் சுட்டுச் சுருக்கம் என்றும் பின்னதைச் செய்திச் சுருக்கம் என்றும் பிரிப்பார்கள். முன்னது கட்டுரை எதைப் பற்றியது என்று காட்டும். பின்னது கட்டுரை என்ன சொல்கிறது என்று கூறும்.

நம் மாணவர்கள் முன்னதையே விரும்பி எழுதுவதற்குச் சோம்பல் காரணமன்று. கண்ட முடிவை வெளிப்படையாக ஒரு வாக்கியத்தில் கூறுவது, வழிகாட்டிக்கும் தேர்வாளருக்கும் முன்னே அடக்கமில்லாமல் பேசுவதாகும் என்ற கூச்சம் அவர்களுக்கு இருக்கிறது. 'ஆராயப்படுகிறது' என்னும் செயப்பாட்டு வினை அந்தக் கூச்சத்துக்கு நல்ல திரையாக வாய்த்திருக்கிறது. ஆசிரியர்களாகிய நாம் அந்தத் திரையை விலக்கி, 'நீ என்ன கண்டாய், தம்பி? தமிழில் சொல்' என்று கேட்டால், பெரும்பாலோர் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லும்போது நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, கையை அசைத்து, எதிராளி நம்பமாட்டான் என்று பயந்தவனைப்போல் ஒரு சான்றையும் உடனே சேர்த்துச் சொல்கிறார்கள். முடிவும் அதற்குச் சான்றும் சேர்ந்து வந்துவிட்ட அந்தப் பேச்சையே அங்கே உட்கார்ந்து எழுதச் சொல்ல வேண்டும்.

6. தமிழில் தொடங்குவதைப் பற்றிய ஆட்சேபங்கள்

தமிழில் எழுதி ஆங்கிலத்தில் பெயர்த்தால் ஆங்கிலம் தமிழ் வாடை வீசுமே என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். வாக்கியத்தை வாக்கியமாகப் பெயர்த்தால் வீசும், மெய்தான். நான் சொல்வது, தமிழில் வாதத்தை நிலைநிறுத்திக்கொண்டு, பிறகு அந்தத் தமிழையும் ஒருபுறம் வைத்துவிட்டு ஆங்கிலத்தில் புதிதாக எழுதுவது. அப்போது மூலத்தின் ஆங்கில வாக்கியங்கள் கண்முன்னே இல்லாமையால் ஒட்டுத்தையல் நிகழ இடமில்லை. சொல்ல வேண்டியது தெரிந்திருப்பதால் வாக்கியமும் தடுமாறுவதில்லை. எழுதிய பிறகுதான் மூலத்தைத் திறந்து, பெயர்கள், எண்கள், உறுதியின் படிகள் ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். சொற்களை எண்ணுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

இப்போது கணிப்பொறியே சுருக்கம் எழுதித் தருகிறதே, இவ்வளவு பிரயாசை எதற்கு என்பது இரண்டாவது கேள்வி. இயந்திரச் சுருக்கம் புதியதன்று. 1958இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன், கட்டுரையில் திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் கணக்கிட்டு, அவை நெருங்கி நிற்கும் வாக்கியங்களை மட்டும் எடுத்து அடுக்கும் முறையை வெளியிட்டார். நம் மாணவன் பென்சிலால் செய்கிற அதே வேலை. இன்றைய கருவிகள் அதனைக் கடந்து வெகுதூரம் வந்து, சரளமான வாக்கியங்களையே ஆக்கித் தருகின்றன. ஒரு நாளில் நாற்பது கட்டுரைகளைப் புரட்டி, எதை முழுமையாக வாசிப்பது என்று தெரிந்துகொள்ள அவற்றைப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் சுருக்கம் எழுதும்போது மாணவனுக்குள் நடப்பது, எது நீங்கினால் வாதம் சரியும் என்று அவன் தீர்மானிக்கும் அந்தச் செயல். ஆராய்ச்சிப் பயிற்சியின் பெரும்பகுதி அதுவே. அதைக் கருவியிடம் விட்டவன், தேர்வாளர் எதிரே அமரும் நாளில், தன் பெயரில் உள்ள சுருக்கத்துக்கே அந்நியனாக நிற்பான்.

மூன்றாவதாக, கலைத்துறைகளில் வாதம் இப்படி ஊகம், சோதனை, முடிவு என்று வரிசையாக வருவதில்லையே என்பார்கள். வருவதில்லை. இலக்கிய விமர்சனக் கட்டுரை ஒன்று தன் கருத்தைப் பத்தாம் பக்கத்தில் பாதியும் கடைசிப் பக்கத்தில் பாதியுமாகச் சொல்லியிருக்கும். அங்கேதான் முன்னர்க் கூறிய மூன்றாவது செயல், எங்கும் எழுதப்படாத வாக்கியத்தைக் கட்டியெழுப்புதல், மிகுதியும் வேண்டியிருக்கிறது. ஆகவே கலைத்துறை மாணவர்களுக்கு இப்பயிற்சி இன்னும் அவசியமாகிறது.

இறுதியாக, இங்கே கூடியிருக்கும் துறைத்தலைவர்களிடம் ஒரு விண்ணப்பம். ஆய்வுப்பட்ட மாணவர்களுக்கு முதலாண்டில் ஆராய்ச்சி நெறிமுறைப் பாடம் நடத்துகிறோம். அதில் வாரத்துக்கு ஒரு மணியை இதற்கென ஒதுக்குங்கள். முதல் வாரங்களில் அரைப்பக்கக் கடிதங்களும், பின்னர்ப் பத்துப் பக்கக் கட்டுரைகளும், பருவ இறுதியில் அவரவர் துறையின் நீண்ட கட்டுரை ஒன்றும் போதும். அச்சுத்தாளை வாங்கி வைத்துக்கொண்டு, மாணவனைத் தமிழில் ஐந்து நிமிஷம் பேசச் சொல்லுங்கள். சினாப்சிஸ் எழுதும் காலம் வரும்போது, கேட்பவர் வேற்றுத்துறையினராக இருக்கட்டும்: இயற்பியல் மாணவன் பேசுவதை வரலாற்று மாணவியும், வரலாற்று மாணவி பேசுவதைத் தாவரவியல் மாணவனும் கேட்கட்டும். கேட்டவர், தமக்கு விளங்கியதை ஒரே வாக்கியமாக ஒரு துண்டுத் தாளில் எழுதித் தரவேண்டும். அந்த வாக்கியமும் ஆய்வாளர் சொல்ல எண்ணியதும் பொருந்தவில்லையானால் மறுபடியும் பேசவேண்டும். பொருந்திய பிறகு ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கலாம்.